பழைய படங்களை இப்ப போட்டா நிக்குமா? பாளையங்கோட்டைத் திரையிடலுக்கு யோசனை வேணும்

சமாதானபுரம் வாசகர்:
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில எங்க வாசகர் வட்டம் சார்பா மாசம் ஒரு பழைய தமிழ்ப் படம் போடப் போறோம். அறுபது பேர் உக்காரலாம், பாதிப் பேர் காலேஜ் பிள்ளைக. பட்டியல்: அந்த நாள் (1954), கப்பலோட்டிய தமிழன் (1961), தில்லானா மோகனாம்பாள் (1968), உதிரிப்பூக்கள் (1979). உரிமை வச்சிருக்கவங்ககிட்ட அனுமதி கேட்டு எழுதியாச்சு.

"பழைய படம்னா நாடகம் மாதிரி இருக்கும், இழுக்கும்"னு பிள்ளைக சொல்லுதாங்க. அது படத்தோட குறையா, நாம பாக்கிற காப்பியோட குறையா? இதுல எது இன்னைக்கும் நிக்கும்? போடுததுக்கு முன்னாடி எதெதைப் பாத்துக்கிடணும்?

தச்சநல்லூரான்:
முதல்ல காப்பியைச் சரி பாருங்க. படம் நிக்குமா விழுமாங்கிறதை அதுக்குப் பிறகு பேசலாம். இழுக்குதுன்னு சொல்லப்படுத பாதிப் படங்கள் தப்பாக் காட்டப்பட்ட படங்கள்தான்.

உங்க பட்டியல்ல முதல் மூணுக்கும் அகலம்-உயரம் விகிதம் 1.37:1, கிட்டத்தட்ட சதுரம். இன்னைக்கு ப்ரொஜெக்டரும் டிவியும் 16:9. ஸ்கிரீனை நிரப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டினா உயரத்துல 23 சதவீதம் போயிரும். தில்லானாவுல அது எங்க அடிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முழு உருவத்துல ஆடுதப்ப பத்மினியோட சலங்கைக் கால் போச்சு. சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கிறப்ப விரலு தெரியும், அணசு (நாதஸ்வரத்தோட அடியில விரிஞ்ச வாய்) போச்சு. காலும் விரலும் போட்டி போடுத படத்துல ஒண்ணை மறைச்சிட்டு, இழுக்குதுன்னு சொன்னா அது படத்து மேல குத்தம் இல்ல. வெட்டாம அகலத்துல இழுத்தா 30 சதவீதம் விரிஞ்சு எல்லா முகமும் உப்பிப் போகும். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழணும், அதுதான் சரியான அளவு. ப்ரொஜெக்டர் மெனுவுல 4:3 இல்லன்னா 'ஒரிஜினல்' வைங்க. காப்பியே வெட்டி வந்திருந்தா ஒண்ணும் செய்ய முடியாது, வேற காப்பி தேடுங்க.

மெனுவுல இன்னும் ரெண்டு வேலை இருக்கு. அசைவை வழுவழுப்பாக்குத 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைங்க, அது இருந்தா சினிமா சீரியல் மாதிரி ஆயிரும். 'நாய்ஸ் ரிடக்ஷ'னையும் அணைங்க. ஃபிலிமோட பொடிமணியை அழிக்கேன்னு அது முகத்துத் தோலை மெழுகாக்கிரும்.

அந்த நாள் கறுப்பு வெள்ளை, பாதிக் கதை நிழல்லதான் நடக்கு. ஜன்னல் வழியா வெளிச்சம் வந்தா கறுப்பு சாம்பலாகி, இருட்டுல நிக்கிறவர் யாருன்னே தெரியாது. கட்டியான கறுப்புத் துணி போட்டு அடைங்க, இல்ல ராத்திரி ஏழுக்கு மேல போடுங்க.

சத்தத்துலதான் நிறைய பேரு கோட்டை விடுதாங்க. அந்தக் காலத்து ஒலித்தடம் ஒத்தைத் தடம், மோனோ. மைக்செட்காரர் ரெண்டு மூலைக்கும் ரெண்டு பாக்ஸ் வச்சு எக்கோவும் சேத்து விட்டார்னா வசனம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். ஒரே பாக்ஸ், ஸ்கிரீனுக்கு நடுவுல, உக்காந்திருக்கவங்க தலைக்கு மேல போற உயரத்துல. 'சரவுண்டு' வேண்டாம். மிக்ஸர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைச்சா உறுமல் அடங்கும், 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் லேசா ஏத்தினா பேச்சு தெளியும். இரைச்சல் கேக்குதேன்னு மேல் ஸ்தாயியை மொத்தமாக் குறைச்சிராதிய, 'ச'வும் 'த'வும் மழுங்கிரும்.

குறுக்குத்துறை அக்கா:
தச்சநல்லூர் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனா காப்பியைத் துடைச்சு வச்சாலும் போகாத விஷயம் இருக்கு. அதைப் பிள்ளைககிட்ட மறைக்க வேண்டாம்.

'நாடகம் மாதிரி'ங்கிறதுக்குக் காரணம் உண்டு. அந்தத் தலைமுறை நடிகர்கள் நாடகக் கம்பெனியில வளந்தவங்க. கப்பலோட்டிய தமிழன்ல சுப்பிரமணிய சிவாவா வார டி.கே.சண்முகம் நாடக மேடையிலேயே பேரு வாங்கினவரு. மைக் இல்லாத மேடையில கடைசி வரிசைக்கும் கேக்கணும்னு பழகின குரல் அது. அந்தப் படத்துல கூட்டத்துக்கு முன்னால பேசுத காட்சிகள் அந்தக் குரலாலதான் நிக்கு. ஆனா ஜெமினியும் சாவித்திரியும் வார காதல் பகுதி கதையை நிறுத்தி வச்சிருது. பாரதி பாட்டு என்னமோ அருமைதான், ஆனா கப்பல் கம்பெனி என்ன ஆச்சுன்னு தவிச்சுக்கிட்டு இருக்கப்ப அது வருது. செக்கிழுக்கிற காட்சி வந்த பிறகு ஒரு பிள்ளையும் போனை எடுக்காது.

அந்தப் படத்துக்கு ஒரு முன்னேற்பாடு செய்ங்க. அரைப் பக்கத்துல தேதிகளை அடிச்சுக் குடுங்க: 1906 சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 மார்ச் 13 திருநெல்வேலி எழுச்சி, 1911 ஜூன் 17 மணியாச்சியில ஆஷ் கொலை. தினமும் ரயில்ல தாண்டிப் போற ஊருன்னு தெரிஞ்சா பிள்ளைக நிமிந்து உக்காரும்.

தில்லானாவுல இசை இன்னைக்கும் அசையாம நிக்கு. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசிப்புக்கு சிவாஜி மூச்சு எடுக்கிற இடம் வரைக்கும் பொருந்தும். பாலையா தவிலும் மனோரமாவும் அப்படித்தான். நிக்காதது கதாநாயகன் சண்முகசுந்தரத்தோட (சிவாஜி) சந்தேகம். அவன் கோவமும் ஏச்சும் காதல்னே படத்துல போகுது. மோகனாவை (பத்மினி) ஆளாளுக்கு விலை பேசுததைப் படம் கண்டிக்கி, சண்முகசுந்தரத்தைக் கண்டிக்கல. பொம்பளைப் பிள்ளைக இதைக் கேப்பாங்க, கேக்கணும். படம் முடிஞ்சு அரை மணி நேரம் பேச்சுக்கு ஒதுக்குங்க.

உதிரிப்பூக்களுக்குக் கவலையே வேண்டாம். நம்ம ஊரு புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யில இருந்து மகேந்திரன் எடுத்துக்கிட்டது விதையை மட்டுந்தான், அதைப் படிச்சிட்டு வாரவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. கடைசியில ஊர்க்காரங்க அந்தக் கொடுமைக்காரக் கதாநாயகனை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. யாரும் கத்தல, அடிக்கல. அவனோட பிள்ளைக ரெண்டு பேரும் நிக்கிற இடத்துல கேமரா நிக்கி. படத்துல அமைதி நிறைய, அதனால நடுவுல வால்யூமைத் தொட வேண்டாம். ஃபேன் சத்தம் இருக்க ஹால்னா அன்னைக்கு ஏசி ஹாலா எடுங்க.

சமாதானபுரம் வாசகர்:
ரொம்ப நன்றி. எதை முதல்ல போடலாம்? இன்னொண்ணு, எங்ககிட்ட இருக்க தில்லானா ஃபைல் 25 ஃபிரேம்னு காட்டுது, கொஞ்சம் செவந்தும் இருக்கு. பரவாயில்லையா?

தச்சநல்லூரான்:
முதல்ல அந்த நாள். பாட்டே கிடையாது, ஒரு கொலை, ஆளுக்கொரு வாக்குமூலம். பழைய படம்னா இழுக்கும்ங்கிற நினைப்பை அது முதல் கால் மணி நேரத்துல உடைச்சிரும்.

25 ஃபிரேமைக் கட்டாயம் பாக்கணும். ஃபிலிம் ஓடினது நொடிக்கு 24. டிவிக்காக 25-ல ஓட்டி எடுத்திருந்தா 4 சதவீதம் வேகம், சுருதியும் ஒரு அரைச்சுரத்துல முக்கால் பங்கு கிட்ட ஏறிரும். மத்த படத்துல தெரியாது, நாதஸ்வரத்துல கேட்டுப் பழகின காதுக்கு உடனே தெரியும். கண்டுபிடிக்க வழி: தொடக்கத்துல வார சென்சார் சான்றிதழ்ல நீளம் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி, மீட்டர்னா 27.4. உதாரணத்துக்கு 15,750 அடின்னா 175 நிமிஷம் ஓடணும். ஃபைல் 168 நிமிஷம்னா வேகம் கூட்டினது. அதைவிட ரொம்பக் குறைஞ்சா எங்கயோ காட்சியையே வெட்டியிருக்காங்க. வேகம் மட்டும்னா விஎல்சியில 0.96-ல ஓட்டுங்க, ஆடியோ அமைப்புல 'டைம் ஸ்ட்ரெச்சிங்' டிக்கை எடுத்திருங்க. எடுக்கலன்னா வேகம் குறையும், சுருதி இறங்காது.

செவப்புக்குக் காரணம் ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்ல நீலம் சார்ந்த சாயம் முதல்ல வெளிறுதது. ப்ரொஜெக்டர்ல சிவப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, வெள்ளை வேட்டி வெள்ளையாத் தெரியுத வரைக்கும் போதும். அதுக்கு மேல இறக்கினா முகம் பச்சையடிச்சிரும். அனுமதிக் கடிதம் வாரப்ப, நெகட்டிவ்ல இருந்து எடுத்த காப்பி இருக்கான்னு உரிமையாளர்கிட்டயே கேளுங்க. இருந்தா இந்த ரெண்டு சிக்கலும் பெரும்பாலும் இருக்காது.