‘நிறை’ இடத்துக்கு இடம் மாறுமா, மாறாதா?

வெள்ளவத்தை வாசகி:

எனது மகள் தரம் 10 இல் தமிழ்மொழி மூலம் கற்கிறாள். கடந்த தவணைப் பரீட்சையில், சந்திரனுக்குச் செல்லும் ஒருவரின் நிறைக்கு என்ன நேரும் என்று கேட்கப்பட்ட வினாவுக்கு, “நிறை எங்கு சென்றாலும் மாறாது” என்று எழுதியிருந்தாள். அதற்குப் புள்ளி கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவள், தான் யூடியூப்பில் பார்த்துப் படித்த தமிழகக் காணொளி ஒன்றை அழாத குறையாக எனக்குப் போட்டுக் காட்டினாள். அதில் அந்த ஆசிரியர் பலகையில் ‘நிறை’ என்று எழுதி, கீழே இரண்டு கோடுகளையும் இழுத்து, இது எங்கும் மாறாதது என்றுதான் சொல்கிறார். இன்னொரு கணக்கிலும் பிழை. 50 கிலோகிராம் உள்ள ஒருவர் 24 மீற்றர் உயரம் ஏறினால் பெறும் அழுத்தசக்தியைக் கேட்டிருந்தார்கள். நிறையை உயரத்தால் பெருக்க வேண்டும் என்று பாடநூலில் உள்ளபடியே பெருக்கி 1,200 யூல் என்று எழுதியிருக்கிறாள். விடை 12,000 என்று திருத்தப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் போதாதென்று, குளியலறைத் தராசை எங்கள் தொடர்மாடியின் மின்தூக்கிக்குள் வைத்து, அதன்மேல் ஏறி நின்று எட்டாம் மாடிவரை போய் வந்தாள். புறப்படும்போது முள் 54க்குத் தாவியது. பிறகு 50க்கு வந்து அங்கேயே நின்றது. எட்டாம் மாடியை நெருங்கும்போது 46க்கு இறங்கி மீண்டும் 50க்கு வந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியானால் மாறுவது எது, மாறாதது எது?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

சகோதரி, உங்கள் மகளுக்கு விளங்காதது பௌதிகம் அல்ல. இரண்டு தமிழ்நூல் மரபுகளுக்கு நடுவே அவள் அகப்பட்டிருக்கிறாள். ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவை நாம் திணிவு என்கிறோம். தமிழகப் பாடநூல்கள் அதையே நிறை என்கின்றன. அப்பொருளைப் பூமி இழுக்கும் விசையை நாம் நிறை என்கிறோம். அவர்கள் எடை என்கிறார்கள். எனவே காணொளியில் வரும் ‘நிறை மாறாது’ என்பதும், எமது பாடநூலில் வரும் ‘நிறை மாறும்’ என்பதும் தத்தம் இடத்தில் சரியான கூற்றுகளே. சந்திரனின் மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் இங்குள்ளதன் ஏறத்தாழ ஆறிலொரு பங்குதான். அங்கே அவளது 50 கிலோகிராம் திணிவு அப்படியே இருக்கும். ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணக்குக்கு வசதியாக 10 என்று கொண்டால் இங்கே 500 நியூற்றனாக உள்ள நிறை, அங்கே 80 நியூற்றன் அளவுக்குக் குறையும்.

அழுத்தசக்திக் கணக்கில் நேர்ந்ததும் இதே தடுமாற்றம்தான். நிறையை உயரத்தால் பெருக்கு என்று எமது நூல் சொல்வது விசையை உயரத்தால் பெருக்கு என்ற கருத்தில். 500 நியூற்றனை 24 மீற்றரால் பெருக்கினால் 12,000 யூல் வரும். அவள் கிலோகிராமை எடுத்துப் பெருக்கியதால் விடை பத்திலொன்றாகச் சுருங்கிவிட்டது. சொல்லை நம்பாமல் அலகைப் பார்க்கப் பழக்குங்கள்: கிலோகிராம் வந்தால் அது திணிவு, நியூற்றன் வந்தால் அது விசை.

வேறு சில சொற்களும் இவ்வாறு காலை வாரும். எமது ஆர்முடுகல் அவர்களது முடுக்கம். எமது சக்தி அவர்களது ஆற்றல். எமது வலு அவர்களது திறன். ‘வேகம்’ இன்னும் மோசம். நாம் திசையோடு சேர்த்துச் சொல்வதை வேகம் என்றும் திசையற்றதைக் கதி என்றும் வழங்க, அவர்கள் திசையற்றதையே வேகம் என்றும் திசையுள்ளதைத் திசைவேகம் என்றும் வழங்குகிறார்கள்.

தெகிவளையிலிருந்து ஒருவர்:

மின்தூக்கி மேலே செல்லும்போது புவியீர்ப்புக் கூடுவதாலேயே முள் 54க்குப் போகிறது என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

இல்லை ஐயா. அப்படியானால் மேலே செல்லும் நேரம் முழுவதும் முள் 54இலேயே நிற்க வேண்டும். அது நடுவழியில் 50க்கு வந்ததை அந்தத் தாயாரே எழுதியிருக்கிறார். அந்த எட்டு மாடி உயரத்தில் ஈர்ப்பில் ஏற்படும் மாற்றத்தை எந்தக் குளியலறைத் தராசாலும் காட்ட முடியாது.

தராசு காட்டுவது பூமி இழுக்கும் விசையை அல்ல. காலுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள விசையை. மின்தூக்கி ஓய்விலிருந்து வேகமெடுக்கும்போது பிள்ளையையும் சேர்த்து மேல்நோக்கி ஆர்முடுக்க வேண்டியிருப்பதால், தட்டு அவளது 500 நியூற்றனைத் தாங்குவதோடு மேலதிகமாகவும் தள்ள வேண்டும். முள் 54 என்றால் தட்டு தள்ளியது 540 நியூற்றன். மேலதிகமான 40ஐ அவளது 50 கிலோகிராம் திணிவால் வகுத்தால் செக்கனுக்குச் செக்கன் 0.8 மீற்றர் என்று வருகிறது. உங்கள் மின்தூக்கியின் ஆர்முடுகல் அதுதான். மகள் தன்னையறியாமலே அதை அளந்துவிட்டாள். சீரான வேகத்தில் ஏறும்போது விளையுள் விசை பூச்சியம், ஆகவே 50. நிற்கப் போகும்போது மேல்நோக்கிய வேகம் குறைய வேண்டும், ஆகவே 46. இவ்வளவு நேரமும் அவளது திணிவும் மாறவில்லை, நிறையும் மாறவில்லை; மாறியது தோற்ற நிறை மட்டுமே.

செட்டியார் தெருக் கணக்கர்:

நான் நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதுபவன். பௌதிகம் உயர்தரத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் தராசு பற்றி ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. என் தகப்பனார் காலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தட்டுத்தராசில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, முள் நடுவில் வந்து அமரும்வரை மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் பவுண் நிறுப்பார்கள். ஒரு தட்டில் நகை, மறுதட்டில் படிக்கல். இரண்டையும் பூமி ஒரே விகிதத்தில் இழுப்பதால் அந்தத் தராசைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றாலும் அதே விடையைத்தான் தரும். அது ஒப்பிடுவது திணிவை. இப்போதுள்ள இலத்திரனியல் தராசு விசையை உணர்ந்து அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. ஈர்ப்பு ஆர்முடுகல் பரிசில் சுமார் 9.81, கொழும்பில் சுமார் 9.78. பரிசில் அளவுதிருத்திய தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து 100 கிராம் தங்கத்தை வைத்தால் ஏறத்தாழ 0.3 கிராம் குறைத்துக் காட்டும். தங்கம் விற்கும் விலைக்கு அது சிறிய தொகை அல்ல. அதனால்தான் தராசை வைத்துப் பயன்படுத்தும் இடத்திலேயே நியமத் திணிவை வைத்துத் திருத்துகிறோம்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

கணக்கர் ஐயா சொன்ன வேறுபாட்டை 1672இலேயே ஒருவர் கடிகாரத்தில் கண்டார். ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரத்துடன் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்றபோது, அங்கே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. கயேன் எம்மைப் போலவே மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ள ஊர். நியூற்றன் 1687இல் வெளியிட்ட தமது நூலில் இந்த அவதானத்தை எடுத்தாண்டு, மத்தியகோட்டருகே ஈர்ப்புக் குறைவு என்றும் பூமி அங்கே சற்றுப் புடைத்திருக்கிறது என்றும் வாதிட்டார். திணிவையும் நிறையையும் தெளிவாகப் பிரித்ததும் அதே நூல்.

நிறுப்பதால் நிறை, எடுப்பதால் எடை. இரண்டுமே தராசோடு பிறந்த சொற்கள். குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தவர்களுக்கு இரண்டு கருத்துகள் தேவைப்படவில்லை. தட்டுத்தராசு அவற்றைப் பிரித்துக் காட்டுவதும் இல்லை. பிற்காலத்தில் பிரிக்க வேண்டி வந்தபோது அங்குள்ளவர்கள் நிறையைத் திணிவுக்குக் கொடுத்தார்கள், நாம் விசைக்குக் கொடுத்தோம். ‘திணிவு’ என்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டது நல்ல வேலை என்பது என் அபிப்பிராயம். தமிழக நண்பர்கள் கோபிக்கக்கூடாது.

திருச்சிக்காரர், கொள்ளுப்பிட்டி:

கோபம் இல்லை சார், இங்கே கட்டுமானப் பணிக்கு வந்து மூன்று ஆண்டுகளாக இதே குழப்பத்தில்தான் நானும் இருக்கிறேன். விண்வெளி வீரர்கள் ‘நிறையின்மை’யில் மிதக்கிறார்கள் என்று இங்கே ஒரு பத்திரிகையில் படித்தபோது, அவர்களுடைய சடமெல்லாம் எங்கே போயிற்று என்று சிரித்துவிட்டேன். உங்கள் ‘அழுத்தசக்தி’யும் எங்கள் காதுக்குக் குழாயில் உள்ள நீரின் அழுத்தம் போலத்தான் கேட்கிறது, நீங்கள் அதை அமுக்கம் என்பீர்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அழுத்தசக்திக் கணக்கைத் தானே மீண்டும் செய்து, விடைக்குப் பக்கத்தில் அலகையும் எழுதிவிட்டாள். இப்போது வேறொரு கேள்வி கேட்கிறாள்: மின்தூக்கியின் கம்பி அறுந்தால் தராசு எவ்வளவு காட்டும்?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

கம்பி அறுந்தாலும் மின்தூக்கியைப் பிடித்து நிறுத்தும் தடுப்புகள் உண்டு என்பதை முதலில் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். அவையும் இல்லாமல் தடையின்றி விழுந்தால், தராசும் அவளும் ஒரே ஆர்முடுகலில் விழுவதால் தட்டு அவளைத் தள்ளாது, முள் பூச்சியத்தில் நிற்கும். ஆனாலும் பூமி அவளை அதே 500 நியூற்றனால்தான் இழுத்துக்கொண்டிருக்கும். திருச்சி நண்பர் சொன்ன வீரர்களின் நிலையும் இதுவே. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதன் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு. அவர்கள் ஈர்ப்பில்லாமல் மிதக்கவில்லை. நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் மிகுதியாக இருப்பதால் தரையைத் தொடுவதில்லை.