சர்வர் நிர்வாகத்திலிருந்து எஸ்ஏபி பேசிஸுக்கு: நான் போன வழி

சர்வர், நெட்வொர்க், பேக்கப் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், சம்பளம் எல்லாம் ஓடும் எஸ்ஏபி மென்பொருளின் பக்கம் போக முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நானே அப்படிப் போனவன்தான். ஆனால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வேலை தேடவில்லை. எங்கள் சர்வர் குழுவுக்கும், எஸ்ஏபியின் தொழில்நுட்பப் பராமரிப்பைப் பார்க்கும் பேசிஸ் குழுவுக்கும் நடுவே யாரும் சொந்தம் கொண்டாடாமல் கிடந்த வேலைகளைக் கேட்டு வாங்கினேன். இரவு பேக்கப் சரியாக முடிந்ததா என்று பார்ப்பது, டிஸ்க் இடம் கூட்டுவது, எஸ்ஏபியின் அடிப்படை நிரலான கர்னலுக்குத் திருத்தம் (பேட்ச்) போடும் இரவில் உடன் உட்காருவது போன்றவை. சலிப்பான வேலைகள்தான். என்னைப் பேசிஸ் குழுவின் அருகில் கொண்டுபோய் உட்கார வைத்தவை அவையே.

ஒரு மாத இறுதி நாள் நன்றாக நினைவிருக்கிறது. கணக்குப் பிரிவில் எல்லோருடைய திரையும் உறைந்துவிட்டது. சர்வரில் பிராசசர் சும்மா கிடக்கிறது, நினைவகம் தாராளம், நெட்வொர்க்கில் குறையில்லை. எங்கள் பார்வையில் எல்லாம் சரி. பேசிஸ் பொறியாளராலும் எஸ்ஏபிக்குள் நுழைய முடியவில்லை. உடனே ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்தே எஸ்ஏபி பிராசஸ்களின் நிலையைக் காட்டும் டிபிமான் என்ற கருவியை ஓட்டினார். பயனர்களின் கோரிக்கைகளைக் கவனிக்கும் டயலாக் பிராசஸ்கள் அத்தனையும் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்து நின்றன. "ஓராஆர்ச் டைரக்டரியில் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. அது டேட்டாபேஸ்காரர்களின் சொத்து என்று எங்கள் கண்காணிப்பில் சேர்க்காமலே விட்டிருந்தார்கள்.

எங்கள் டேட்டாபேஸான ஆரக்கிள், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் தன் ரீடூ லாக்கை அங்கேதான் பிரதியெடுத்து வைக்கிறது. இடம் தீர்ந்துவிட்டால் மாற்றங்களை ஏற்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிடும். பழைய கோப்புகளை அழித்துவிடலாமா என்று கேட்டேன். "அழிக்காதீர்கள். கடைசி பேக்கப்புக்கும் இந்த நிமிடத்துக்கும் நடுவே நடந்த கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது" என்றார். பிஆர்ஆர்க்கைவ் என்ற கருவி கொண்டு அவற்றைப் பேக்கப்புக்கு அனுப்பிய பிறகே நீக்கினார். சற்று நேரத்தில் திரைகள் தாமாக நகரத் தொடங்கின, யாரும் எதையும் மறுதொடக்கம் செய்யவில்லை. டிஸ்க் நிரம்புவது நமக்குப் பழகிய சங்கதி. அந்த டிஸ்க்கில் கிடப்பது யாருடைய கணக்கு என்று தெரிந்து கைவைப்பதுதான் பேசிஸ் வேலை என்று அன்று கண்கூடாகப் பார்த்தேன்.

பின்னால் நேர்முகத் தேர்வுகளிலும் இதைத்தான் தோண்டினார்கள். எஸ்ஏபி திரைகளைத் திறக்கும் டிரான்சாக்ஷன் குறியீடுகளை ஒப்பிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "அனுமதி இல்லை என்று ஒரு பயனர் அழைக்கிறார், என்ன செய்வீர்கள்?" என்றார்கள். எஸ்யூ53 திரையை அவரிடமிருந்து வாங்கி, எந்த அனுமதி மறுக்கப்பட்டது என்று பார்த்து, அது அவர் பணிக்கு உரியதுதானா என்று அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் கேட்பேன் என்றேன். எல்லா அனுமதிகளும் அடங்கிய எஸ்ஏபி_ஆல் கொடுத்து வாயடைத்துவிடுவதாகச் சொல்பவர்களும் உண்டாம். அந்தப் பதில் வந்தால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும் என்றார் கேள்வி கேட்டவர். ஒரு சிஸ்டத்தில் செய்த மாற்றங்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்போர்ட்டை இறக்கும்போது திரும்பும் எண் 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை. 8 வந்தபின் லாக்கைத் திறந்து எதைத் தேடுவீர்கள் என்பது அடுத்த கேள்வி.

படிப்புக்குச் செலவு அதிகம் தேவையில்லை. எஸ்ஏபியின் சொந்த டேட்டாபேஸான ஹானாவின் எக்ஸ்பிரஸ் பதிப்பை 32 ஜிபி நினைவகம் வரை இலவசமாக ஓட்டலாம். ஹானா லினக்ஸில் மட்டுமே ஓடும், சூசே அல்லது ரெட் ஹேட்டில். எனவே லினக்ஸில் கை தேர்ந்தவர்களுக்குப் பாதி தூரம் கடந்த மாதிரிதான். நிறுவிப் பார்ப்பதோடு விடாதீர்கள். பேக்கப் எடுங்கள், வேண்டுமென்றே உடையுங்கள், மீட்டெடுங்கள். மீட்டெடுப்பைத் தன் கையால் செய்தவருக்கும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மூத்த நிர்வாகி என்ற பதவியை விட்டு மறுபடியும் இளையவராக உட்கார வேண்டியிருக்கும். வயதில் சின்னவரிடம் பாடம் கேட்க வேண்டும். வார இறுதிகளும் இரவுகளும் போகும், ஏனென்றால் எஸ்ஏபியை நிறுத்திவைக்க நிறுவனங்கள் அப்போதுதான் அனுமதிக்கும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு இறங்குங்கள்.

இப்போது ஏன் இறங்கலாம் என்றால், பழைய தலைமுறை மென்பொருளான இசிசி 6.0-இன் புதிய பதிப்புகளுக்கு எஸ்ஏபி தரும் முதன்மைப் பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது. கூடுதல் கட்டணத்தில் 2030 வரை நீட்டிக்கலாம். எனவே அதன் அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாறும் வேலை நிறையவே இருக்கிறது. அதே சமயம் 2021-இல் வந்த, எஸ்ஏபியே கிளவுடில் நடத்தித்தரும் ரைஸ் திட்டத்தில் சேரும் நிறுவனங்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பேட்ச்சும் டேட்டாபேஸ் பராமரிப்பும் எஸ்ஏபியின் பொறுப்பாகிவிடுகின்றன. பேட்ச் போடுவதை மட்டும் நம்பி இந்தப் பக்கம் வருவது என் கணக்கில் சரிவராது. மாத இறுதியில் எந்தப் பின்னணி வேலை (ஜாப்) எதற்குப் பின் ஓடுகிறது, அது தாமதித்தால் யாருடைய வேலை நிற்கும் என்பதை எஸ்எம்37 திரையில் பார்த்துப் பழகுங்கள். உங்கள் நிறுவனத்தில் எஸ்ஏபி இருந்தால், வரும் மாத இறுதியன்று பேசிஸ் குழுவோடு உட்கார அனுமதி கேளுங்கள். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நாள் அது, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.