வெள்ள அபாய வரைபடத்துக்காகத் தெருவில் இறங்கியவர்கள் – திருகோணமலை அனுபவங்கள்

மட்டிக்களிவாசி:
எங்கள் வட்டாரத்து வெள்ள அபாய வரைபடத்துக்குத் தகவல் திரட்டும் குழுவில் இருந்தேன். கணினியில் வரைந்த முதற்படியைக் கண்ட அயலவர்கள் சிரித்தேவிட்டார்கள். மார்கழி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஒழுங்கை அதில் மேட்டு நிலமாகக் கிடந்தது. அதற்கு எடுத்த நில உயரத் தரவு 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்தது. 30 மீற்றர் சதுரத்துக்கு ஓர் எண்தான். கூரையும் தென்னை வட்டும் சேர்ந்தே அந்த எண்ணுக்குள் போய்விடும். ஓரடி உயர வேறுபாட்டில் ஒரு வீடு நனைந்து மறு வீடு தப்பும் ஊருக்கு அது எப்படிப் போதும்?

செய்மதி ராடார் படத்திலும் இதே தொல்லை. வயல்வெளியில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். நெருக்கமான வீடுகளுக்கிடையே சுவர்கள் அலையைத் திருப்பி அனுப்புவதால் தெருவில் நிற்கும் தண்ணீர் கண்ணில் படாது. தம்பலகாமத்து வயல் ஆபத்தாம், எங்கள் ஒழுங்கை பாதுகாப்பாம்!

பிறகு அளவுநாடாவோடு நடந்தோம். மதிலில் படிந்த சேற்றுக்கோடு நல்ல சாட்சி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரைதான். "எத்தனை அடி வந்தது?" என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. "அடுப்பு நனைந்ததா? கிணற்றுக்கட்டைத் தாண்டியதா?" என்று கேட்டால் பக்கத்துப் பக்கத்து வீட்டாரின் பதில்கள் பொருந்தின. கிணற்றுக்கட்டை நான் விடாமல் கேட்பேன். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கும்போது, தண்ணீர் வடிந்தாலும் கிணற்றை இறைத்துக் குளோரின் இடும் வரை வெள்ளம் முடியவில்லை.

ஓர் ஆச்சி, "தம்பி, மழையைப் பிறகு பாருங்கள், மதகை முதலில் பாருங்கள்" என்று கூட்டிப்போனார். புதிதாகக் கிறவல் கொட்டி உயர்த்திய வளவின் ஓரத்தில் மதகின் வாய் பாதி புதைந்திருந்தது. எந்தச் செய்மதிக்கும் அது தெரியாது.

கந்தளாய்க்காரன்:
மழையை மட்டும் கணக்கில் எடுத்தால் எங்கள் ஊர் தப்பாகவே வரும், அண்ணன். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சித்திரை மாதம் அது, மாரி அல்ல.

மூதூர்:
இங்கே வானம் வெளித்திருக்கும்போதும் வெள்ளம் வரும். மலைநாட்டில் பெய்தது மகாவலியால் இறங்கி வரும். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலை அடுத்து, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததை மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு ஆழத்தைவிட, தண்ணீர் வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்பதே பெரிய கேள்வி.

மட்டிக்களிவாசி:
இரண்டு பேர் சொல்வதும் சரி. மழைநீர் தேங்குவது, ஆறு பெருகுவது, கட்டு உடைவது மூன்றையும் ஒரே நிறத்தில் பூசக் கூடாது. வரைபடத்தில் மூன்றையும் தனித்தனி அடுக்காகக் காட்டும்படி குழுவிடம் கேட்டிருக்கிறேன். மூதூர்ப் பக்கம் பழைய வெள்ளக் கோடு தெரியும் சுவர்கள் இருந்தால், தரையிலிருந்து அளந்து, அளவுநாடாவும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஆண்டு வெள்ளம் என்பதையும் எழுதுங்கள்.