திருந்த வழியிருந்தும் திருந்தாதவர்கள்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

தூங்காதவன்:
எங்கள் காசாளர் விஷயம் இன்றும் உறுத்துகிறது. முதலில் கைமாற்று போலத்தான் எடுத்தார். மாதக் கடைசியில் திருப்பி வைத்துவிடுவார். பிறகு வைப்பது நின்றது. தணிக்கையில் பழி உதவியாளன் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆறு மாதம் கழித்து அந்தப் பையன் அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தான். காசாளர் அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "கை சுத்தமாக இருக்க வேண்டும் தம்பி" என்று கால் மணி நேரம் புத்தி சொன்னார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நம்பித்தான் சொன்னார். பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

மூன்றாம்பிறை:
என் மாமா அவரைவிட நேர்மையானவர் (சிரிக்காதீர்கள்). தங்கையின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கியவர். "இந்த வயதிலாவது கொடுத்துவிடுங்களேன்" என்றேன். "கொடுத்தால் இருபது வருடமாக நான் திருடன் என்று ஆகிவிடும். கொடுக்காதவரை இது சொத்துத் தகராறு" என்றார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார்.

நடுநிலை:
அவசரப்பட்டு யாரையும் தீயவர் என்று முத்திரை குத்த வேண்டாம். எல்லாம் சூழ்நிலை. யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், தப்பாகப் பதில் சொன்ன இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லி ஆய்வாளர் "தொடருங்கள்" என்று தூண்ட, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதியிருந்த கடைசி விசைவரை அழுத்தினார்கள். மின்சாரம் பொய், அது அவர்களுக்குத் தெரியாது. விசைக்கு விசை 15 வோல்ட்தான் வித்தியாசம். அப்படித்தான் மனிதன் நழுவுகிறான். நானும் ஒருமுறை சிறு பொய்க்கணக்கு எழுதியிருக்கிறேன், அதை விடுங்கள். தூங்காதவன், நீங்கள் காசாளரிடம் தனியாகப் பேசுங்கள். குற்றம் சாட்டும் தொனி கூடாது. முதலில் உடல்நலம் விசாரியுங்கள். நேரில் தயக்கமாக இருந்தால் கடிதம் எழுதலாம். எழுதி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புங்கள். தூக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி நல்லது.

மூன்றாம்பிறை:
நடுநிலை அவர்களே, அதே மில்கிராம், மின்னதிர்ச்சியின் அளவை அவரவர் விருப்பத்துக்கு விட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோரும் கீழ் விசைகளிலேயே நின்றுவிட்டார்கள். அதை ஏன் சொல்லவில்லை? என் மாமாவின் முதுகுக்குப் பின்னால் "தொடருங்கள்" என்று சொல்ல யாரும் நிற்கவில்லை. அந்தப் பொய்க்கணக்கையும் விடச் சொன்னது நீங்களேதான்.

தூங்காதவன்:
ஆலோசனை நான் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பையனை நீக்கிய குறிப்பில் சாட்சிக் கையொப்பங்கள் இரண்டு. ஒன்றுதான் அவருடையது.