கைலோமைக்ரானுக்கு ‘நிணத்துகள்’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

உண்ட கொழுப்பைக் குடலிலிருந்து உடலுக்குள் ஏற்றிச் செல்லும் நுண்துகளான கைலோமைக்ரானுக்குத் தமிழில் ‘கொழுப்பு நுண்துளி’, ‘கொழுப்பூர்தி’, ‘குடற்பால் துகள்’ என மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. அவற்றை எடைபோடுவதற்கு முன், உண்ட எண்ணெய் குடலில் அடுத்தடுத்து எடுக்கும் வடிவங்களைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. பெயர்க்குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உணவிலுள்ள கொழுப்பில் மிகப் பெரும்பகுதி டிரைகிளிசரைடு, அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு இணைந்த மூலக்கூறு. அது நீரில் கரையாது. அதைப் பிளக்க வேண்டிய லைப்பேஸ் நொதியோ நீரில் இருந்துகொண்டு எண்ணெயின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யக்கூடியது. ஆகவே மேற்பரப்பு எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்குச் செரிமானம் விரைவுபடும். இரைப்பையின் பிசைவு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கிறது. கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும் குடற்சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்க, பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது. கணையமும் தன் நொதிகளை அனுப்புகிறது. பித்த உப்புகள் துளிகளைச் சூழ்ந்துகொண்டு, அவை மீண்டும் ஒன்றுசேராதபடி தடுக்கின்றன. இது முதல் வடிவம். இதற்குப் ‘பால்மத் துளி’ (பால்மம்: எமல்ஷன்) என்ற பெயர் பொருந்துகிறது, மாற்ற வேண்டிய தேவை இல்லை.

லைப்பேஸ் ஒவ்வொரு டிரைகிளிசரைடிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்களைக் கத்தரித்துவிட, ஒரு மோனோகிளிசரைடு எஞ்சுகிறது. இவை பித்த உப்புகளோடு கூடி, சில நானோமீட்டர் அளவே உள்ள மிசெல்கள் என்னும் நுண்திரள்களாகின்றன. இது இரண்டாவது வடிவம். மிசெல் குடற்செல்லுக்குள் நுழைவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது செல்லின் விளிம்புவரை வந்து சுமையை இறக்கிவிடுகிறது. பித்த உப்புகள் சிறுகுடலின் கடைப்பகுதி வரை பயணித்து, அங்கே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன.

செல்லுக்குள் போன கொழுப்பு அமிலங்களும் மோனோகிளிசரைடும் மீண்டும் டிரைகிளிசரைடாக இணைக்கப்படுகின்றன. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை உள்ளே கொண்டுபோய் மறுபடி ஒட்டுவது வீண்வேலை போலத் தோன்றினாலும், டிரைகிளிசரைடாகச் செல்லின் சவ்வைக் கடக்க முடியாது என்பதால் இந்தச் சுற்றுவழி தவிர்க்க இயலாதது. அதன்மேல் பாஸ்போலிப்பிடு, கொலஸ்டிரால் ஆகியவற்றாலும் பி-48 என்ற புரதத்தாலும் ஆன உறை போர்த்தப்பட்டு, ஏறத்தாழ 75 முதல் 1,200 நானோமீட்டர் வரை விட்டமுள்ள உருண்டையாகச் செல்லின் மறுபுறம் வெளியேறுகிறது. இந்த மூன்றாவது வடிவத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

‘கொழுப்பு நுண்துளி’ இம்மூன்றுக்குமே பொருந்துகிறது. கொழுப்புச் செல்லுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் துளிக்கும் பொருந்துகிறது. ‘கொழுப்பு நுண்துளிகள் குடலில் உறிஞ்சப்படுகின்றன’ என்று ஒரு பாடநூல் எழுதினால், எண்ணெய்த் துளி முழுசாகவே குடற்சுவரைக் கடந்துபோகிறது என்றுதான் மாணவர் புரிந்துகொள்வார். இதை விட்டுவிடலாம். ‘கொழுப்பூர்தி’ அழகான சொல், ஆனால் எல்டிஎல், எச்டிஎல் உட்பட எல்லா லிப்போபுரதங்களும் (கொழுப்பும் புரதமும் சேர்ந்த குருதித் துகள்கள்) கொழுப்பை ஏற்றிச் செல்பவையே. பேரினப் பெயராக வைத்துக்கொள்ளத் தக்கதை ஓர் உறுப்பினருக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

‘குடற்பால் துகள்’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது; ‘கைல்’ என்பது கொழுப்புணவுக்குப் பின் குடலிலிருந்து வரும் பால்போன்ற நிணநீர். வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் உணவு உண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரவியிருக்கக் கண்டார். முதலில் நரம்பென்று எண்ணி ஒன்றை வெட்ட, பால்போன்ற நீர்மம் வெளிவந்தது. பட்டினி கிடந்த விலங்கில் அவ்விழைகள் புலப்படவில்லை. அவை கல்லீரலுக்குச் செல்வதாக அவர் முடிவுசெய்தது தவறு. நெஞ்சுக்கூட்டின் வழியே மேலேறி, கழுத்தடிச் சிரைகளில் கலக்கும் நாளத்தை ழான் பெக்கே 1651இல் விவரித்த பிறகே உண்மையான வழி தெளிந்தது. இவ்வளவு பின்புலம் இருந்தும் எனக்கு அச்சொல்லில் நிறைவில்லை. புணர்ச்சி விதிப்படி அது ‘குடற்பாற்றுகள்’ ஆகும்; அதைப் படிப்பவர் ‘பாற்று’ என்பதன் பன்மையென்று கருதித் தடுமாறுவார். பால்மம் என்ற சொல் முதல் வடிவத்துக்கே வந்திருக்க, இன்னொரு ‘பால்’ வருவதும் இடைஞ்சலே.

நான் முன்வைப்பது ‘நிணத்துகள்’. நிணம் என்பதற்குப் பழந்தமிழிலிருந்தே கொழுப்பு என்று பொருள். நிணநீர் என்ற கலைச்சொல்லோ இன்று எல்லோருக்கும் அறிமுகமானது. இத்துகள் நிறையக் கொழுப்பைக் கொண்டது, குடலுறிஞ்சியின் (குடற்சுவரின் விரல்போன்ற நுண்நீட்சி) நடுவிலுள்ள நிணநீர் நாளத்தின் வழியாகவே உடலுக்குள் புறப்படுவது. ஒரே முன்னொட்டு இரண்டையும் சொல்லிவிடுகிறது. கல்லீரலில் உருவாகும் விஎல்டிஎல் என்ற லிப்போபுரதம் நேரே குருதியில் சேர்கிறது, எல்டிஎல் குருதியிலேயே அதிலிருந்து பிறக்கிறது என்பதால் வேறுபாடும் காக்கப்படுகிறது. நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் இத்துகளாக மாறாமல் கல்லீரல் வாயிற்சிரை வழியாகப் போய்விடுகின்றன என்பதையும் ‘அவை நிணத்துகளில் ஏறுவதில்லை’ என்று ஒரே வரியில் சொல்லலாம்.

குருதிக்குள் சென்ற பின்னும் ‘நிணம்’ என்று அழைப்பது பொருந்துமா என்ற வினா எழும். ஆய்வகக் காட்சி ஒன்றே இதற்கு விடையாகலாம். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் எடுத்த குருதியின் பிளாஸ்மா கலங்கி வெளுத்திருக்கும். அதைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், அடர்த்தி மிகக் குறைந்த இத்துகள்கள் மேலெழுந்து ஆடைபோலப் படியும். விஎல்டிஎல் மிகுந்திருந்தால் அடியிலுள்ள பகுதி கலங்கலாகவே நிற்கும். ‘மேலே படிந்தது நிணத்துகள்’ என்று எழுதினால், படிப்பவருக்குக் கொழுப்பு என்ற பொருளே முதலில் தோன்றும்.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. குருதி நுண்நாளங்களில் லிப்போபுரத லைப்பேஸ் டிரைகிளிசரைடைக் கறந்துகொண்ட பின் கல்லீரலுக்குச் செல்லும் மிச்சம் ‘நிணத்துகள் எச்சம்’ ஆகும். அந்நொதிக் குறையால் இத்துகள்கள் குருதியில் தேங்கும் மரபுநோய் ‘நிணத்துகள் மிகைமை’ ஆகும். வெள்ளணு வகையான லிம்போசைட்டை ‘நிணவணு’ என்று எழுதுவோர் மட்டும் இதை ஒட்டிய ஒலிப்பைக் கருதி மறுப்பு தெரிவிக்கக்கூடும். அணு வேறு, துகள் வேறு என்பதால் அது பெரிய தடையில்லை என்பது என் கருத்து. மருத்துவர்கள் வேறுவிதமாக எண்ணினால் கேட்க விரும்புகிறேன்.

மிசெலைப் பொறுத்தவரை, சோப்பு நீரிலும் அதே அமைப்பு உருவாவதால் வேதியியல் துறையினரைக் கேட்காமல் நாம் மட்டும் பெயரிடுவது முறையன்று. அதுவரை ‘பித்த மிசெல்’ என்றே எழுதலாம்.