சிறை மறைக்காணி (சிசிடிவி) பதிவு: நீதிமன்றத்தோடு நிற்கட்டுமா, ஊருக்கே காட்டலாமா?

ஜெலுத்தோங் மணி:
நேற்று ராத்திரி தே தாரிக் கடையில் நாங்கள் நாலு பேர் சண்டை போட்ட விஷயம், இங்கேயும் கேட்டுவிடுகிறேன். வார்டன்கள் அடித்தார்கள் என்று ஒரு கைதி வழக்குப் போடுகிறார், சிறையின் மறைக்காணிப் பதிவு சாட்சியமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிருபர்களும் நாமும் பார்க்கலாமா? என் கட்சி, பார்க்க வேண்டும். 1964-ஆம் வருட நீதிமன்றச் சட்டத்தின் 15-ஆவது பிரிவே விசாரணை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 2025 ஜனவரியில் தைப்பிங் சிறையில் ஒரு கைதி இறந்து, மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் பொது விசாரணை வரைக்கும் போனது. அதற்குப் பிறகும் "உள் விவகாரம்" என்று மூடினால் எவன் நம்புவான்?

செந்தூல் அக்கா:
தம்பி, அந்தப் பிரிவை முழுசாகப் படித்தீர்களா? நீதியின் நலன், பொதுப் பாதுகாப்பு, கண்ணியம் என்று காரணம் இருந்தால் நீதிபதி கதவைச் சாத்தலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.
எனக்கு இது சட்டப் புத்தக விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் என் தம்பியை ஒரு லோக்கப்பில் வைத்திருந்தார்கள், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே வந்தான், ஆனால் அவன் வருவதற்கு முன்னாலேயே சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து அழுகிற 20 விநாடிக் காணொளி எங்கள் தாமான் (குடியிருப்பு) புலன, அதாவது வாட்ஸ்அப், குழுவுக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டார்கள். அவன் இன்னமும் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை.

ஜெலுத்தோங் மணி:
அக்கா, மன்னிக்கணும், அது கொடுமை. ஆனால் அது திருட்டுத்தனமாகக் கைப்பேசியில் எடுத்தது. நான் சொல்வது நீதிபதி பார்த்துத் தீர்ப்பு எழுதுகிற சாட்சியம். இன்னொன்று, திருட்டுக் காணொளியே நல்லது செய்ததும் உண்டு. 2005-இல் லோக்கப்பில் ஒரு பெண்ணை நிர்வாணமாகத் தோப்புக்கரணம் போட வைத்த காட்சி வெளியே வராமல் இருந்திருந்தால் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்திருக்குமா?

செந்தூல் அக்கா:
அமைந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் என்ன ஆனாள்? சீன நாட்டுக்காரி என்று முதலில் நாடே பேசியது, அப்புறம் ஆணையத்தில் மலாய்ப் பெண் என்று தெரிந்தது. அவள் யார், என்ன இனம் என்று எல்லாருக்கும் அவசரம். உன் உடம்பை இத்தனை பேர் பார்க்கலாமா என்று அவளிடம் ஒருத்தராவது கேட்டார்களா?

பழைய சீருடை:
நான் உள்ளே வேலை பார்த்தவன். மறைக்காணி எங்கே இருக்கிறது, எந்த மூலை அதில் விழாது, கதவு எத்தனை விநாடியில் பூட்டும், எல்லாம் பதிவில் தெரியும். ஊருக்குக் காட்டினால் உள்ளே இருக்கிறவனுக்கும் போய்ச் சேரும். வார்டனுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு. பதிவை வெளியே விடுகிற அதிகாரிக்குத் தண்டனைச் சட்டம் 203ஏ பிரிவில் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ஜெலுத்தோங் மணி:
அடிக்கும்போது பிள்ளைகள் ஞாபகம் வரவில்லையா அண்ணே? பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டமே போட்டுவிட்டோம், அதை வைத்துக் கேட்க முடியாதா?

பிறை குமாஸ்தா:
முடியாது மணி. அது மாநிலச் சட்டம், சிறை கூட்டரசு விவகாரம். ஜாலான் கோல் சிறை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் சாவி கூட்டரசு அரசாங்கம் இருக்கிற புத்ராஜெயாவில்.
வக்கீல் ஆபீசில் காகிதம் தூக்குகிறவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். 2010-ஆம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது, அதனால் "கைதியின் தனியுரிமைக்காகத் தர முடியாது" என்று அந்தச் சட்டத்தைக் காட்டி யாராவது கடிதம் எழுதினால் சிரித்துவிட்டு ஃபைலில் போடுங்கள். அதற்காகத் தனியுரிமையே இல்லை என்று ஆகாது, சிவராசா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்பின் 5-ஆவது விதிக்குள் அதுவும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது.
யாருடைய தனியுரிமை, அதை யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அமெரிக்க ராணுவத்தின் குவாந்தானாமோ சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஒரு சிரியாக்காரருக்கு வலுக்கட்டாயமாகக் குழாய் வழியாக உணவு ஏற்றினார்கள், அதை ராணுவமே 32 நாடாக்களில் எடுத்து வைத்திருந்தது. பத்திரிகைகள் கேட்டபோது, கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு ஆளாக்கக் கூடாது என்கிற ஜெனீவா ஒப்பந்தத்தையே அரசாங்கம் கேடயமாகத் தூக்கியது. வேடிக்கை என்னவென்றால் காட்டுங்கள் என்று சொன்னதே அந்தக் கைதிதான்! 2014 அக்டோபரில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் ஊழியர்களின் அடையாளத்தை மறைத்துவிட்டு வெளியிடச் சொன்னார். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, பழைய சீருடை அண்ணன் சொன்ன அதே பாதுகாப்புக் காரணமும் அதில் இருந்தது.

பழைய சீருடை:
பார்த்தீர்களா.

பிறை குமாஸ்தா:
பார்த்தேன் அண்ணே, முகத்தை மறைக்க வழி இருந்தும் முழுசாகவே மூடிவிட்டார்கள் என்பதையும் பார்த்தேன்.
மணிக்கும் ஒன்று. வழக்குக்காக எதிர்த்தரப்பிடம் வாங்கிய பதிவை வக்கீலோ கட்சிக்காரரோ நேரே முகநூலில் போட முடியாது. வழக்குக்கு வெளியே பயன்படுத்துவது நீதிமன்ற அவமதிப்பில் போய் நிற்கும். பெரும்பாலும் அந்த இடத்துக்கே வந்து சேருவதில்லை, "பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது" என்று பதில் வந்த கடிதத்தை நானே பிரித்திருக்கிறேன். அதனால் சம்பவம் நடந்த வாரத்திலேயே பதிவை அழிக்காதே என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஜெலுத்தோங் மணி:
சரி, கைதி சம்மதித்தால் காட்டலாம், முகம் மறைக்கலாம், அதற்கு நான் தயார். அக்கா?

செந்தூல் அக்கா:
ஒரு அறையில் 10 பேர் இருப்பார்கள், வழக்குப் போட்டவன் ஒருவன். மற்ற 9 பேரிடம் யார் கேட்பது? அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

செந்தூல் அக்கா:
மறுபடியும் நான்தான். சாப்பிடும்போது தம்பியிடமே கேட்டுவிட்டேன். அவன் சொன்னது எனக்கே புதுசு. அவனை ஒருத்தன் அறைந்துதான் அழுதிருக்கிறான், சுற்றிய காணொளியில் அறைந்த பகுதியை வெட்டிவிட்டு அழுததை மட்டும் விட்டிருக்கிறார்கள். "முழுசாகப் போட்டிருந்தால் பரவாயில்லைக்கா, ஏன் அழுதேன் என்றாவது தெரிந்திருக்கும்" என்கிறான்.

பிறை குமாஸ்தா:
அக்கா, இது எப்போது நடந்தது? அரசாங்க ஊழியர்கள் மேல் வழக்குப் போட 1948-ஆம் வருடச் சட்டப்படி 36 மாதம்தான் கெடு. தனிச்செய்தி அனுப்புங்கள்.

செந்தூல் அக்கா:
நாலு வருடம் ஆகிறது தம்பி.