ஒரு ராத்திரிப் பயணத்துக்கு 14 கிலோ தேவையில்லை: என் அனுபவம்

வெலிமடையிலிருந்து:

போன வருடம் ஒஹியாவில் ரயிலிலிருந்து இறங்கி, இதல்கஸ்ஹின்னவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஹப்புத்தளைக்கு நடந்தேன். இறக்கத்தில் முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தது. வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற அக்கா ஒருவர், "தம்பி, அந்தப் பையையும் கொக்கியில மாட்டுங்க, பாப்போம்" என்றார். முள் 14 கிலோவைத் தாண்டி நின்றது. "இம்புட்டும் ஒரு ராத்திரிக்கா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி, தொட்ட சாமான் ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம் என்று பிரித்தேன். ஜீன்ஸ், இரண்டாவது சப்பாத்து, டின் மீன் இரண்டு, பெரிய டவல் எல்லாம் தொடாத பக்கம். மூன்று பேர் படுக்கிற டென்டில் நான் ஒருவன்தான் படுத்திருக்கிறேன்!

சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் அடக்குவதைத்தான் 'அல்ட்ராலைட்' என்கிறார்கள். பை, கூடாரம், படுக்கை மூன்றிலும்தான் பெரும்பாரம். இந்த ஜனவரியில் அதே வழிக்கு, டென்டுக்குப் பதிலாக, கைத்தடியை ஊன்றிக் கட்டும் மெல்லிய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு ராத்திரிதானே, சாப்பாட்டுச் சுமையும் குறைவு: ரொட்டியும் கட்டசம்பலும் போதும். போன தடவையைவிட இரண்டு மணித்தியாலம் முந்தியே ஹப்புத்தளை ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். முழங்கால் நோவே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இறகு அடைத்த போர்வை எடை குறைவுதான், ஆனால் ஈரம் பட்டால் சுருண்டு சூடு போய்விடும். நம் மலையில் மழை பெய்யாவிட்டாலும் பனிமூட்டமே நனைத்துவிடும். பொலியெஸ்டர் அடைத்ததை, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுபோங்கள். மழைக்கோட்டு, டோர்ச், அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரம் இவற்றில் மட்டும் எடை பார்க்காதீர்கள்.

ஹட்டனிலிருந்து:

அண்ணே, நீங்க சொன்னது சரி. அம்மாவோடு நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினேன். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சீசன், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கும். அதனால் மாற்றுச் சட்டை, காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், தண்ணீர்ப் போத்தல் மட்டும் எடுத்தேன். ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு 2243 மீட்டரில் விடியும்வரை உட்கார்ந்தால் நடுங்கிப்போவோம், அதனால் அந்தச் சட்டை அவசியம். பாதி வழியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் பையையும் கம்பளியையும் வாங்கி என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதற்கு இடம் இருந்தது.